ஊத்தறப்ப கூட்டிட்டு வாங்க

1

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஊருக்குப் பேசுவது எங்கள் வீட்டில் மாறாத வழக்கம். நியூசிலாந்தில் நாங்கள் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும் நேரத்தில், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் இட்லி வெந்துகொண்டிருக்கும். அண்ணன் விடியலிலேயே பாலக்கோடு மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு வந்து, அன்றைய விலையைத் திட்டிக்கொண்டிருப்பார். அண்ணி கோமதி போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைப்பார். அவர்களுடைய மகள் தர்ஷினி, ஒன்றாம் வகுப்புக்காரி, திரை முழுவதையும் தன் முகத்தால் அடைத்துக்கொண்டு என்னிடம் கதை பேசுவாள். பேசும்போது என் வாயையே பார்ப்பாள். அத்தை மேல் அவ்வளவு ஆசை என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பேச்சின் நடுவே இணையம் மக்கர் செய்தது. எனக்கு அவர்கள் நன்றாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு என் படம் நின்றுவிட்டது, குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. "தர்ஷி, இன்னைக்கு என்ன டிபன்?" என்று கேட்டேன். அவள் கண் கொட்டாமல் பார்த்தபடி இருந்தாள். "தர்ஷிக்குட்டி, அத்தை பேசறது கேக்குதா?" என்றேன். அதற்கும் பதில் இல்லை. அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல்தான் வந்தது: "கேக்குது மலரு, படந்தான் நின்னுபோச்சு."

அடுப்படியில் இட்லிச் சட்டியோடு நின்றவருக்குக் கேட்டது. போனுக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்த குழந்தைக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படம் அசைந்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அத்த, எங்க போயிட்ட?" என்றாள். நான் எங்கேயும் போகவில்லை, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன்.

"அண்ணி, தர்ஷிக்குக் காது சரியாக் கேக்குதா?" என்று கேட்டேன்.

"அவளா? திமிரு மலரு. வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது. டீச்சரும் அதத்தான் சொல்றாங்க. கவனமே இல்லன்னு கடசி பெஞ்சில உக்கார வச்சிருக்காங்க. இப்பிடியே இருந்தா தருமபுரில மந்தமான புள்ளங்களுக்குன்னு தனி ஸ்கூல் இருக்குதாமே, அங்க சேத்துருங்கன்னு சொல்றாங்க. உங்க அண்ணனும் வர்ற வருசம் பாக்கலாங்கறாரு."

கடைசி பெஞ்சு! காது கேட்காத பிள்ளையைக் கொண்டுபோய் உட்காரவைக்க அதைவிட மோசமான இடம் உலகத்தில் இல்லை.

2

நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்பது என் வேலையைச் சொன்னால் புரியும். இங்கே குழந்தைகளின் காது பார்க்கும் நர்ஸ் நான். ஒரு வேனில் ஊர் ஊராகப் போவோம். மழலையர் பள்ளி வாசலில் வேனை நிறுத்தினால் பிள்ளைகள் வரிசையாக ஏறுவார்கள். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பேன். மெல்லக் காற்றை அழுத்தி, செவிப்பறை அசைகிறதா, பின்னால் நீர் கோத்து நிற்கிறதா என்று பார்க்கவும் ஒரு கருவி உண்டு. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, எனக்கு அதுதான் சோறு.

இந்த வேனில் ஏறுவதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை. சேலத்தில் படித்து வாங்கிய நர்சிங் சான்றிதழுக்கு ஒரு அத்தாட்சி, அந்த அத்தாட்சி உண்மைதான் என்பதற்கு இன்னொரு அத்தாட்சி. கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்தியவர் ஓய்வு பெற்று எங்கேயோ போய்விட்டார், அவருடைய கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதெல்லாம் முடியும்வரை முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தேன். வேனில் சேர்ந்த புதிதில், காதில் சீழ் வடிந்தால் நம் ஊரில் 'காது ஊத்துதா' என்று கேட்பதை அப்படியே ஆங்கிலமாக்கி ஒரு தாயிடம் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் அலறிக்கொண்டு பிள்ளையின் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் கொட்டுகிறது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

எங்கள் வேலையின் முதல் கேள்வி, இன்றைக்குக் காது வலிக்கிறதா என்பதல்ல. இதற்கு முன் எத்தனை தடவை வந்தது என்பதுதான். பிள்ளை என்றால் ஒரு தடவை காது வலி வரும், போகும். திரும்பத் திரும்ப வருவதுதான் ஆபத்து. நீர் கோத்து நிற்கும், பறையில் ஓட்டை விழும். பேச்சைப் பிடிக்க வேண்டிய வயதில் பாதிப் பேச்சு காதுக்கு வெளியே நின்றுவிடும். எந்தப் பிள்ளைக்கு, எந்தத் தெருவில், எந்தக் குளிரில் என்று எண்ணிப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். வீட்டில் ஈரமா, புகையா, கைக்குழந்தைக்குப் படுத்தவாக்கில் பாட்டில் கொடுக்கிறார்களா என்றெல்லாம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

புது ஊர் ஒன்றுக்கு வேன் போனால் முதல் சுற்றில் நோய்க் கணக்கு எகிறும். நான் முதன்முதலாக அதைப் பார்த்துப் பயந்தபோது எங்கள் மேலதிகாரி சிரித்தார். நோய் கூடவில்லை, நாம் இப்போதுதான் வந்திருக்கிறோம், அவ்வளவுதான் என்றார்.

வீட்டில் என் மகன் கவினுக்கு என்னால் நிம்மதி இல்லை. கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால் உடனே அவன் காதைப் பிடித்துவிடுவேன். அவனுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது, சோதித்தாகிவிட்டது. தமிழில் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் "வாட்?" என்பான். அது வேறு கவலை. அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

3

மறுநாளே அண்ணியைப் போனில் தனியாகப் பிடித்தேன். பக்கத்தில் அண்ணன் இருந்தால் அண்ணி மனம்விட்டுப் பேசமாட்டார்.

"தர்ஷிக்கு இதுவரைக்கும் எத்தனை தடவை காதில் சீழ் வந்திருக்கும் அண்ணி?"

"எத்தன தடவன்னா என்னத்தச் சொல்றது? மழ பேஞ்சா வரும். சளி புடிச்சா வரும். ஏரில எறங்கி ஆட்டம் போட்டா வரும். மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கியாந்து வுடுவன், நின்னுரும்."

"டாக்டர்கிட்டப் போனதே இல்லையா?"

"காதுக்கெல்லாம் டாக்டரா? நீ ஒருத்தி."

அந்த மருந்துப் புட்டி டிவிக்கு மேலே இருக்குமாம். சீழ் நின்றதும் மூடிவைத்துவிடுவார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஊற்றினால் அங்கே போகும். மருந்துக்கடைக்காரர் யார் எவர் என்று குறித்துவைக்கப் போவதில்லை. இத்தனை சீழும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"போன மாசம் ஸ்கூலுக்கு டாக்டர் வண்டி வந்ததாமே அண்ணி, அவங்க பாக்கலையா?"

"வந்துது. நாந்தான் தர்ஷிய அனுப்பல."

"ஏன்?"

"அன்னிக்குனு பாத்து காது ஊத்திகிச்சு மலரு. நாத்தம் வேற. அந்தக் காதோட கொண்டுபோயி டாக்டரம்மா முன்னால நிக்க வச்சா, என்னா பொம்பள இவன்னு நெனைக்க மாட்டாங்களா? எங்க தெருவுல யாருமே அப்பிடி அனுப்பல. ஊத்தற புள்ளங்கள வூட்லயே வச்சிகினோம். மத்ததுங்களுக்குத் தலைக்கு எண்ண வச்சி, காதுல வெதுவெதுன்னு ரெண்டு சொட்டு எண்ண வுட்டு, கோழி எறகால சுத்தமா எடுத்து, பவுடர் போட்டு அனுப்பனோம். இந்த ஊர்ப் புள்ளங்க எவ்ளோ சுத்தம்னு டாக்டரம்மாவே மெச்சிகினாங்களாம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நோயைக் கண்டுபிடிக்க வந்த வண்டியிடமிருந்து நோயை மட்டும் ஒளித்துவைத்திருக்கிறார்கள். அதுவும் சோம்பேறித்தனத்தால் அல்ல, பிள்ளையைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்ற ஒரே அக்கறையால். அரசாங்கத்தின் கணக்கில் எங்கள் ஊரில் காது நோயே இல்லை.

அண்ணியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே வாடகை வீட்டைச் சோதிக்க ஏஜென்ட் வரும் நாளில், ஜன்னல் மூலையில் பூத்திருக்கும் பூஞ்சணத்தை நானும்தான் விழுந்து விழுந்து துடைக்கிறேன். அவர் வந்து வீடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போகிறார். ஈரம் அப்படியே இருக்கிறது. வந்து பார்ப்பவர் முன்னால் மானம் போகக் கூடாது என்பதில் நமக்கிருக்கும் கவனம் வேறு எதிலும் இல்லை.

4

அடுத்த அழைப்பில் ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்ததும் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏம்மா, உனக்குக் காது பாக்கறது பொழப்பு. யாரப் பாத்தாலும் உனக்குக் காதாத்தான் தெரியும். அங்க உக்காந்துகினு இங்க இருக்கறவங்கள ஏன் பயமுறுத்தற? ஒரு வண்டி தக்காளிய ரோட்ல கொட்டிட்டு வந்திருக்கறன், இப்பத்தான் இவ காது!"

நானும் விடவில்லை. தக்காளி அடுத்த போகத்துக்கு விலை ஏறும், பிள்ளைக்குப் போன பேச்சு திரும்ப வருமா என்று கத்திவிட்டேன். போன் கட்டானது. மறுநாள் வேனில் ஒரு பிள்ளையின் காதுக்குள் விளக்கடித்தபோது தர்ஷிதான் நினைவுக்கு வந்தாள். இத்தனை ஊர்ப் பிள்ளைகளின் காதைப் பார்க்கிறேன், என் அண்ணன் மகளின் காதைப் பார்க்கத்தான் கை எட்டவில்லை.

அண்ணியோ ஒரு வார்த்தையும் சொல்லாமல், தர்ஷியை இழுத்துக்கொண்டு தருமபுரிக்குப் பஸ் ஏறிவிட்டார். அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, காது டாக்டரைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து பேசினார். குரல் கம்மியிருந்தது.

"டாக்டரு புடிச்சித் திட்டிட்டாரு மலரு. எண்ணதாம்மா தெரியுது, காதே தெரியலங்கறாரு."

"எண்ணெயா? இப்பவும் விட்டீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போறமே, நாலு பேரு பாப்பாங்களேன்னு சுத்தம் பண்ணித்தான் கூட்டியாந்தன். இனிமே எண்ண வுடாத, எறகு போடாத, ஊத்தறப்ப அப்பிடியே கூட்டிட்டு வாங்கன்னுட்டாரு."

அதற்குப் பிறகு போன நாட்களைப் போல வேண்டாத நாட்களை நான் கண்டதில்லை. தினமும் செய்தி அனுப்பி, காது ஊற்றிற்றா என்று கேட்டேன். இல்லை என்று பதில் வந்தால் சோர்ந்துபோனேன். ஒரு குழந்தையின் காதில் எப்போது சீழ் வரும் என்று கடல் தாண்டி ஒருத்தி காத்துக்கிடக்கிறாள் என்றால் அவள் என்ன பிறவி? ஊரில் மழை வருமா என்று போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணவர், "நீ கும்பிடுவது குழந்தைக்கு நோய் வரவா, போகவா?" என்று கேட்டார்.

மழை வந்தது. சளி பிடித்தது. காது ஊற்றிற்று. அண்ணி துடைக்காமல், பவுடர் போடாமல், தலையை மட்டும் வாரிவிட்டு அழைத்துப்போனார். அன்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

"பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மா மூக்கப் பொத்திகினு எழுந்து போயிட்டாங்க மலரு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. முந்தானையால தொடச்சிரலாம்னு கை போயிட்டே இருந்துது. அடக்கிகினன். இவ வேற, அந்தம்மா ஏம்மா எழுந்து போனாங்கன்னு கேக்கறா."

ஒரு தாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எத்தனை பெரிய காரியம் என்று அன்றுதான் புரிந்தது.

டாக்டர் சீழை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்திருக்கிறார். வலது பறையில் பெரிய ஓட்டை. இடதில் சின்னக் கிழிசல், உள்ளே நீர். கேட்கும் திறனையும் அளந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் குறைவு. எதிரே முகத்தைப் பார்த்தால் உதட்டைப் பிடித்துச் சமாளிக்கிறாள், முதுகுக்குப் பின்னால் பேசினால் ஒன்றும் போய்ச் சேருவதில்லை. டாக்டர் அண்ணியிடம், "புள்ள புத்திசாலிம்மா. காது கேக்காமலே இவ்வளவு படிச்சிருக்கா" என்றாராம். இதைச் சொல்லும்போது அண்ணி விசும்பினார். பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது.

5

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. பருத்தித் துணியைத் திரியாகத் திரித்து ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த பிறகுதான் சொட்டு மருந்து, அதுவும் சீழ் நின்றதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை. காதில் தண்ணீர் போகக் கூடாது. எண்ணெயும் இறகும் கிட்டவே வரக் கூடாது. ஏரி கிடையாது. இடது பறை தானாக மூடிக்கொள்ளலாம், வலதுக்கு அவள் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆபரேஷன் தேவைப்படலாம். பள்ளியில் முதல் பெஞ்சு. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு அண்ணனே போய் டீச்சரிடம் பேசினார். தனி ஸ்கூல் பேச்சு அதோடு நின்றது.

இதோடு விட்டிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் டாக்டர் வண்டி மறுபடி பள்ளிக்கு வருகிறது என்றதும் அண்ணி வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். "ஊத்தற புள்ளயத்தான் மொதல்ல அனுப்பணும். யாரும் எண்ண வுடாதீங்க. நாறுனா நாறட்டும். நான் பஸ்ல அப்பிடித்தான் கூட்டிகினு போனன், செத்தா போயிட்டன்?" என்று சொல்லிவிட்டு, வண்டி வந்த நாள் காலையில் பள்ளி வாசலிலேயே நின்றிருக்கிறார். ஒரு பெண் வழக்கம்போல மகளை வீட்டில் நிறுத்திவைக்க, அண்ணியே போய் அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவந்திருக்கிறார்.

வந்த டாக்டரம்மா மிரண்டுபோனார். போன தடவை ஒரு காதுகூடக் கெட்டுப்போகாத ஊர். இந்தத் தடவை வரிசையில் பாதிப் பேருக்குச் சீழோ ஓட்டையோ. சுகாதார நிலையத்திலிருந்து ஆள் வந்தார். தண்ணீரைச் சோதித்தார், ஏரியைப் பார்த்தார், ஒரே ஊரில் இப்படி எப்படி என்று விசாரித்தார். சேதி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது. மண்டியில் அண்ணனைப் பார்த்து, "உங்க ஊரே செவிட்டு ஊராமே?" என்று கேலி செய்தார்களாம். அடுத்த தெருவில் இருக்கும் சாந்தி, எங்கள் அண்ணியோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவருடைய மூத்த பெண் ஒன்பதாவது படிக்கிறாள், நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இந்தப் பேர் நிற்கும் என்று அவருக்குப் பயம்.

"நீ சொன்னன்னுதான் செஞ்சன் மலரு," என்றார் அண்ணி. அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் உறைத்தது. நான் பாட்டுக்கு இங்கே உட்கார்ந்து போனில் பேசிவிட்டு வேனில் ஏறிப் போய்விடுகிறேன். குழாயடியில் முகம் திருப்பிக்கொள்ளும் பெண்கள் முன்னால் நிற்க வேண்டியவர் அவர். முதல் சுற்றில் கணக்கு எகிறும், அது நல்லதுதான் என்று எங்கள் மேலதிகாரி சொன்னதை அண்ணிக்கும் சொன்னேன். எனக்கே அது காகிதத்தில் எழுதிய ஆறுதலாகத்தான் பட்டது.

இப்போது மாதம் ஒருமுறை வண்டி வருகிறது. தாய்மார்களை உட்காரவைத்துத் திரி போடச் சொல்லித் தருகிறார்கள். சளி பிடித்த உடனே காட்டச் சொல்கிறார்கள். விறகுப் புகையில் கைக்குழந்தையைப் போடாதீர்கள், படுக்கவைத்துப் பாட்டில் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். குறைந்ததா இல்லையா என்பது அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும். அதுவரை எனக்குத் தூக்கம் ஒழுங்காக வராது. சாந்தி இன்னும் பேசவில்லை. ஆனால் இளைய மகளை வண்டிக்கு அனுப்புகிறாராம், எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, கடைசியாக.

6

போன ஞாயிறு வழக்கம்போல அழைத்தேன். அண்ணன் தக்காளி விலையைத் திட்டினார். அண்ணி போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனார். தர்ஷி எதிரே உட்கார்ந்து, முதல் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பற்றிக் குற்றப்பத்திரிகை வாசித்தாள். நான் அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பறையின் கிழிசல் மூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னால் என்ன, என் கண்ணால் பார்க்கும்வரை எனக்கு எதுவும் நம்பிக்கை வராது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசிச் சோதிக்கலாமா என்று யோசித்தேன். பயமாக இருந்தது. கேட்கவில்லை என்றால் என்ன செய்வேன்? கையைக் கீழே போட்டுவிட்டேன்.

அப்போது இணையம் மறுபடி இழுத்தது. அவள் புருவம் சுருங்கியதிலிருந்து என் படம் நின்றுவிட்டது என்று தெரிந்தது. இப்போது பேசினால் அதுவே சோதனையாகிவிடும். வாயைத் திறக்கப் பயந்தேன்.

அவள் திரைக்கு அருகே வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, இடது காதைப் போனோடு ஒட்டிவைத்துக்கொண்டாள்.

"அத்த, உன் மூஞ்சி நின்னுபோச்சு," என்றாள். "பரவால்ல, நீ பேசு."